மூன்றாம் ஆண்டுக்கான ஸ்தோத்திரக் காணிக்கை

முதலாம் ஆண்டு என்று யாராவது சொன்னாலே இப்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வருகிறது. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்து ஒரு தடவை, அதே உயிரியலை இன்னொரு தடவை, பிறகு சொந்தக்காரர் எல்லோரும் என்னைக் கைகழுவிய பின் வர்த்தகப் பிரிவில் ஒரு தடவை. அதிலும் பல்கலைக்கழக அனுமதி மயிரிழையில் தவறியது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை மூன்று முறை தொடங்கிவிட்டால் நான்காம் முறை யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். "இப்ப என்ன செய்யிறீர்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன்னர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று விசாரிப்பார்கள். எனக்கு இருபத்தைந்து வயது. தொடங்கியவை நிறைய. முடித்தது ஒன்றுமில்லை.

நான்காம் முறைதான் கொழும்பு. வெள்ளவத்தையில் ஓர் அறை, ஒரு தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பு. நான்கு ஆண்டுப் படிப்பில் இரண்டு ஆண்டுகளை ஒரு பாடமும் தவறாமல் கடந்தேன். மூன்றாம் ஆண்டுக்குப் பதிய இருந்த கிழமையில் அம்மா அரியாலை வீட்டுக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

அம்மாவின் பெயர் பியாட்றிஸ். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அப்பா இறந்து கனகாலம். வேறு பிள்ளைகள் இல்லை. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப, குளிக்க வார்க்க, வோக்கரைப் பிடித்து நாலு அடி நடக்கவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கொழும்பு அறையை விட்டுவிட்டு, இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தேன்.

மாதங்கள் போயின. அம்மா கட்டிலில் இருந்து கதிரைக்கு வந்தார், கதிரையில் இருந்து வோக்கருக்கு வந்தார். அதற்குள் கொழும்பில் என் இடம் போய்விட்டது. பிறகுதான் இந்த மாறுதல் விண்ணப்பம் தொடங்கியது.

நல்லூர்ப் பக்கம், ரியூசன் நிலையங்கள் வரிசையாக இருக்கும் ஒழுங்கையில், அதே வணிக நிர்வாகப் பட்டத்தைப் படிப்பிக்கும் ஒரு கல்லூரி இருக்கிறது. வேறு இடத்தில் படித்தவர்களையும் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். நாங்கள் படித்த பாடங்கள் தங்களுடைய பாடங்களோடு பொருந்துகின்றன என்று ஒப்புக்கொண்டால் நேரே மூன்றாம் ஆண்டு. ஒப்புக்கொள்ளாவிட்டால் முதலாம் ஆண்டு. எனக்கு வேண்டியது அந்த ஒப்புதல் ஒன்றுதான். அது கிடைத்தால் இன்னும் இரண்டு ஆண்டுகளில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை முடித்தவளாவேன்.

அதற்காக நான் நடந்த நடையைக் கேட்டால் உங்களுக்கும் கால் நோகும். கொழும்பிலிருந்து பெறுபேறு எடுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் என்ன படிப்பித்தார்கள் என்ற விவரம் வேண்டும். அதில் முத்திரை வேண்டும். முத்திரை மங்கலாக இருந்தால் ஜே.பி. என்கிற சமாதான நீதவான் ஒருவரைப் பிடித்து அவருடைய முத்திரையை வாங்க வேண்டும். காலையில் அம்மாவைக் குளிக்க வார்த்து, பாணும் சம்பலும் கொடுத்து, மருந்தை மேசையில் வைத்துவிட்டு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பேன். கல்லூரி அலுவலகத்தில் பிரியந்தினி என்ற பிள்ளை இருந்தாள். நல்ல பிள்ளை. இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னும் ஒண்டுதான் அக்கா" என்பாள். ஒவ்வொரு முறையும் அந்த ஒன்றுதான்.

அலுவலக வாசலில் இருந்த நீள மர வாங்கில் என்னோடு குந்தியிருந்தவன் கீர்த்திகன். தென்மராட்சிப் பக்கம், தோட்டக்காரக் குடும்பம். கணக்கியல் டிப்ளோமாவில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு என்னைப் போலவே மூன்றாம் ஆண்டு கேட்டு வந்திருந்தான். விடியப் பயிருக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வருபவன், வாங்கில் இருந்தபடியே நித்திரையாகிவிடுவான். பிரியந்தினி பெயர் கூப்பிட்டால் நான்தான் தட்டி எழுப்ப வேண்டும். எங்களுக்குள் கதை பெரிதாக இல்லை. களைத்தவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கதை தேவைப்படாது.

எங்கள் இருவரின் தலைவிதியையும் தீர்மானிக்க வேண்டியவர் நதானியேல் சேர். வணிகப் பிரிவின் தலைவர். மூவர் குழு ஒன்று இருந்தாலும் அவர் சொன்னதற்கு மற்ற இருவரும் மறுப்புச் சொல்வதில்லை என்று கேள்வி. அவர் எங்கள் திருச்சபையின் செயலாளரும்கூட. யாழ்ப்பாணம் அவ்வளவு சின்னது. ஒருவரிடம் காரியமாகப் போனால் அவரை ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கத்தான் வேண்டும்.

அவர் நேர்மையான மனிதர். அதுதான் தொல்லை. ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது என் விண்ணப்பத்தைப் பற்றி மூச்சும் விடமாட்டார். கல்லூரியில் கண்டால் அம்மாவின் இடுப்பு எப்படி என்று கேட்கமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில் கட்டி வைத்திருந்தார். மாலையில் நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்பார்.

"நதானியேல் என்னவாம்?"

"இன்னும் பாக்கேல்லையாம்."

"அவர் நல்ல மனிசன். செய்வார்."

"நல்ல மனிசரெண்டா செய்யவேணுமெண்டு சட்டமோ அம்மா?"

"உனக்கு விசுவாசம் காணாது," என்பார் அம்மா. எனக்கு நித்திரையும் காணாது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள், கலியாண நாள், சோதனைப் பாஸ், வெளிநாட்டு வீசா, சுகப் பிரசவம், எதுவாக இருந்தாலும் ஓர் உறையில் காணிக்கை வைத்து, உறையின் வெளியே பெயரையும் காரணத்தையும் எழுதித் தட்டில் போடுவார்கள். அதுதான் ஸ்தோத்திரக் காணிக்கை. ஆராதனை முடியும் தறுவாயில் செயலாளர் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். போதகரின் பிரசங்கத்துக்குக் கண்ணயர்பவர்கள்கூட இதற்கு விழித்துக்கொள்வார்கள். யார் வீட்டில் என்ன நடந்தது என்று அறிய இதைவிட வேகமான வழி யாழ்ப்பாணத்தில் இல்லை.

அந்த ஞாயிறு அம்மாவை ஓட்டோவில் ஏற்றி, வோக்கரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழக்கமான வாங்கில் இருந்தோம். நதானியேல் சேர் எழுந்து உறைகளை எடுத்தார். ஒரு பிறந்தநாள் வந்தது. கனடாவில் பேரப்பிள்ளை பிறந்த ஒன்று வந்தது. மூன்றாவது உறையை எடுத்து, அதே சுருதியில் வாசிக்கத் தொடங்கினார்.

"செல்வி ஜெனிற்றா றிச்சர்ட், வணிக நிர்வாகப் பட்டப்படிப்பின்..."

நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி உறையைக் கிட்டப் பிடித்தார். எழுதிக் கொடுத்ததை வாசிக்காமல் விடுவது எங்கள் சபையில் வழக்கமில்லை. அவர் வழக்கத்தை மீறுகிறவரும் இல்லை.

"மூன்றாம் ஆண்டில் அனுமதி கிடைத்தமைக்காக, தாயார் திருமதி பியாட்றிஸ் றிச்சர்ட் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை."

என் காது இரண்டும் சுட்டன. கொடுக்காத அனுமதிக்கு, கொடுக்க வேண்டியவரே எழுந்து நின்று நன்றி வாசித்தார். முன் வாங்குகளில் இருந்த தலைகள் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தன. அம்மா நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழாவுக்கு இருப்பதுபோல இருந்தார்.

வெளியே வந்ததும் ஆளுக்காள் கை கொடுத்தார்கள். "நல்லது பிள்ளை. நதானியேல் சேரெல்லோ, எங்கடை ஆள். செய்யாமல் விடுவாரே?" என்றார் ஒரு மாமி. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சேர் இரண்டடி தள்ளி நின்று சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

ஓட்டோவில் ஏறியதும் கேட்டேன்.

"என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்?"

"நன்றி சொன்னனான்."

"கிடைச்சாப்பிறகெல்லோ நன்றி."

"கிடைச்சாப்பிறகு எல்லாரும்தான் சொல்லுவினம். விசுவாசமெண்டா முன்னுக்குச் சொல்லோணும். எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டா ஆண்டவர் கைவிட மாட்டார்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விடமாட்டாய்."

ஆண்டவரைச் சபை நடுவில் மடக்கிப் பிடித்துவிட்டதாக அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். மடங்கியது ஆண்டவர் அல்ல, நதானியேல் சேர். அதைச் சொல்லவும் எனக்குத் தெம்பிருக்கவில்லை. வீடு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன்.

மறுநாள் வாங்கில் கீர்த்திகன் நித்திரை கொள்ளவில்லை. நான் போய் இருந்ததும் கொஞ்சம் தள்ளி இருந்தான்.

"உங்களுக்குக் கிடைச்சிட்டுதாம் அக்கா."

"ஆர் சொன்னது?"

"சேர்ச்சிலை வாசிச்சவையாமே. எங்கடை சித்தி வேலை செய்யிற கடையிலை கதைச்சவையாம். சேரே வாசிச்சவராம்." அவன் குரலில் கோபத்தைவிடச் சலிப்புத்தான் இருந்தது. "எனக்கு முந்தியே விளங்கியிருக்கோணும். நான் கோயில் பொடியன். எனக்கு ஆர் வாசிக்கிறது?"

"தம்பி, ஒண்டும் கிடைக்கேல்லை. அம்மா பிழையா எழுதிப்போட்டா."

அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

பிரியந்தினி என்னை உள்ளே போகச் சொன்னாள். சேர் மேசைக்குப் பின்னால் இருந்தார். கையில் எதுவும் இல்லை. இரவு அவர் சரியாகப் படுக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இரும் பிள்ளை," என்றார். "நேற்று நான் வாசிச்சிருக்கக்கூடாது. வாசிக்காமல் விட்டிருந்தாலும் ஏனெண்டு நாலு பேர் கேட்டிருப்பினம். அதை விடுவம். வீட்டை போய்ச் சேரமுன்னமே ரெண்டு பேர் போன் எடுத்திட்டினம், எங்கடை பிள்ளையளையும் கொஞ்சம் பாருங்கோ சேர் எண்டு. விடிய இஞ்சை வந்தா, குழுவிலை இருக்கிற மற்ற ரெண்டு பேரும், 'நீங்கள் ஏற்கெனவே குடுத்திட்டியளாம், பிறகு நாங்கள் என்னத்துக்கு?' எண்டு கேக்கினம்."

"சேர், நான் அம்மாவைக் காணிக்கை குடுக்கச் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும். நீர் சொல்லியிருக்கமாட்டீர்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆனா இப்ப நான் ஓமெண்டா, அது சபைக்கு ஓமெண்டதாப் போகும். வெளியிலை இருக்கிற அந்தப் பொடியன் காலத்துக்கும் அப்பிடித்தான் நினைப்பான். நினைக்கிறதிலை பிழையும் இல்லை."

"அப்ப?"

"அவனுக்கு மட்டும் குடுத்தா, அதையும் வாயை அடைக்கக் குடுத்ததெண்டுவினம். ரெண்டு பேரின்ரையும் இந்த முறை எடுக்கேல்லை. அடுத்த வருசம் பாப்பம். இருக்க விருப்பமெண்டா முதலாம் ஆண்டிலை இரும்."

முதலாம் ஆண்டு. எனக்குக் கொட்டாவி வந்தது. உண்மையாகவே வந்தது, அவர் முகத்துக்கு நேரே. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தேன். வாங்கில் இருந்த கீர்த்திகன் என்னைக் கேட்கவில்லை. அடுத்ததாக அவன் உள்ளே போனான். அவன் வெளியே வருமுன்னர் நான் பஸ் பிடித்துவிட்டேன், அவனுடைய முகத்தைப் பார்க்க என்னால் முடிந்திருக்காது.

வீட்டில் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். நதானியேல் என்னவாம் என்று. அப்போதுதான் எனக்கு வெடித்தது.

"நதானியேல் மாட்டாராம். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாக் கிடைச்சிருக்கும். இப்ப எனக்கும் இல்லை, என்னோடை வாங்கிலை இருந்த பொடியனுக்கும் இல்லை. திரும்ப முதலாம் ஆண்டு. பத்தொன்பது வயசுப் பிள்ளையளோடை. சந்தோசமோ?"

அம்மா கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். நான் அறைக்குள் போய்ச் சப்பாத்தோடு கட்டிலில் விழுந்தேன். எழும்பி வந்து பார்த்தபோது தேத்தண்ணி அப்படியே ஆடை படிந்து கிடந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சொன்னது பொய் இல்லையே. ஆனால் அந்தக் கிழமை முழுவதும் அம்மாவைக் குளிக்க வார்க்கும்போது இரண்டு பேரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாலைகளில் நதானியேல் என்னவாம் என்ற கேள்வி நின்றுபோனது. இவ்வளவு நாளும் எரிச்சலாக இருந்த கேள்வி இல்லாமல் போனதும் வீடு பெரிதாகிவிட்டது. ஒருமுறை மட்டும் அம்மா கேட்டார்.

"அந்தப் பொடியன் ஆர்?"

"எந்தப் பொடியன்?"

"வாங்கிலை இருக்கிறவன்."

"தென்மராட்சிப் பொடியன். விடியத் தண்ணி இறைச்சிட்டு வாறவன்," என்றேன். அம்மா தலையாட்டினார்.

சனிக்கிழமை அம்மா தன் வெள்ளைச் சீலையை மின்னழுத்தியால் அழுத்தித் தரச் சொன்னார். ஆட்களின் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல் இந்த ஞாயிறு போகவேண்டாம் என்று நான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அழுத்திக் கொடுத்தேன்.

ஆராதனையில் நதானியேல் சேர் உறைகளை வாசித்தார். இந்த முறை ஒவ்வோர் உறையையும் முதலில் மனதுக்குள் வாசித்துவிட்டுத்தான் வாய் திறந்தார். அவர் திரும்பப் போய் வாங்கில் இருந்த பின் போதகர் வழக்கம்போலக் கேட்டார், யாருக்காவது ஜெப விண்ணப்பம் இருக்கிறதா என்று. பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே யாராவது ஒருவர் நோயாளியின் பெயரைச் சொல்வார். என் பக்கத்தில் வோக்கரின் கால்கள் தரையில் உரசிய சத்தம் கேட்டது. அம்மா எழுந்துகொண்டிருந்தார். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"போன ஞாயிறு நான் குடுத்த ஸ்தோத்திரம் பிழை," என்றார் அம்மா. வகுப்பின் கடைசி வரிசைக்கும் கேட்கிற பழைய குரல். "என்ரை பிள்ளைக்கு அந்த அனுமதி கிடைக்கேல்லை. நதானியேல் சேர் தாறனெண்டு எனக்கோ அவளுக்கோ ஒரு சொல்லும் சொல்லேல்லை. நானாத்தான் எழுதிப் போட்டனான்."

போதகர் முன்னுக்கு வந்தார்.

"பரவாயில்லை அம்மா, நீங்கள் இருங்கோ."

"இன்னும் முடிக்கேல்லை ஐயா." போதகர் நின்ற இடத்தில் நின்றார். "நான் விழுந்தபடியாலைதான் அவள் படிப்பை விட்டிட்டு வந்தவள். அவளின்ரை ரெண்டு வருசத்தை நான் திண்டுபோட்டன் எண்டு ஒவ்வொரு நாளும் விடியக் கண் முழிக்கேக்கை நினைக்கிறனான். அவள் ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை. எனக்குத்தான் தாங்கேலாமல் போச்சு. கெதியாத் திருப்பிக் குடுக்கோணுமெண்டு அவசரப்பட்டிட்டன். அதாலை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் தடைப்பட்டுப் போச்சு. அவன்ரை பேர் எனக்குத் தெரியாது. அவனுக்காகவும் ஜெபியுங்கோ."

பிறகு திரும்ப வாங்கில் இருந்தார். இருக்கும்போது இடுப்பு நொந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்கவில்லை. அத்தனை மாதங்களாக ஒரே வீட்டில், ஒரே கட்டிலின் இரண்டு பக்கத்திலும் நின்று, அம்மாவைத் தூக்கி இறக்கியவள் நான். அவர் விடிய எழும்பி என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தேன். அம்மா முன்னால் பார்த்தபடியே, "லேஞ்சி இருக்கோ?" என்று கேட்டார். கைக்குட்டையைக் கொடுத்தேன். மூக்கைத் துடைத்துவிட்டு என்னிடமே தந்தார்.

நதானியேல் சேர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கை கொடுக்கும்போது அம்மாவின் கையை மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் பிடித்திருந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பிரியந்தினி போன் எடுத்தாள். "அக்கா, இன்னும் ஒண்டுதான்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒன்று வாய்மொழிச் சோதனை. குழுவிலிருந்து சேர் விலகிவிட்டாராம். வெளியிலிருந்து ஒரு விரிவுரையாளரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாக எங்கள் இருவரையும் கேள்வி கேட்டு முடிவு சொல்வார்களாம். அந்த முடிவில் சேர் கைவைக்கமாட்டாராம்.

கீர்த்திகன் மடிப்புக் கலையாத சேர்ட்டில் வந்திருந்தான். என்னைக் கண்டதும் வாங்கில் இடம் விட்டான்.

"உங்கடை அம்மா எனக்காகவும் ஜெபிக்கச் சொன்னவாவாம்," என்றான்.

"அதுவும் கடையிலை கதைச்சவையோ?"

"ஓம். சித்தி சொன்னவ." சேர்ட்டின் கையை இழுத்துவிட்டு, "என்ரை பேர் கேட்டா சொல்லிவிடுங்கோ," என்றான்.

உள்ளே மூவரும் மாறி மாறிக் கேட்டார்கள். கொழும்பில் ஆங்கிலத்தில் படித்தது, தமிழில் கேட்டதும் எங்கேயோ ஒளித்துக்கொண்டது. ஐந்தொகை என்றார் ஒருவர், அது பலன்ஸ் ஷீட் என்று பிடிக்க எனக்கு ஒரு கணம் எடுத்தது. பிடித்த பிறகு சொன்னேன். சந்தைப்படுத்தல் கேட்டார்கள், சொன்னேன். இரண்டாம் ஆண்டில் இங்கே படிப்பிக்கிற சட்டமும் புள்ளிவிவரமும் கேட்டார்கள். அவை எங்களுக்குக் கொழும்பில் இருக்கவில்லை. தெரியாது என்றேன். பொய் சொல்லிச் சமாளிக்கவும் ஒரு தெம்பு வேண்டும்.

முடிவு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். முதலாம் ஆண்டுப் பாடங்கள் பொருந்துகின்றன. இரண்டாம் ஆண்டில் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. ஆகவே இரண்டாம் ஆண்டு. முதலாமும் இல்லை, மூன்றாமும் இல்லை. பிரியந்தினி சொல்லி முடித்ததும் கீர்த்திகனும் நானும் ஆளையாள் பார்த்தோம்.

"ஒண்டை வெட்டிப்போட்டினம் அக்கா."

"ஓம். ஒண்டு மிஞ்சியிருக்கு."

ஒழுங்கை முனைக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். அவன் கோப்பை பாதியாக இருக்கும்போதே நித்திரை தூங்கினான். அவனை எழுப்பி அனுப்பிவிட்டு நான் பஸ் எடுத்தேன்.

அம்மா வாசலில் வோக்கரைப் பிடித்தபடி நின்றார். கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"ரெண்டாம் ஆண்டு."

அம்மா மனதுக்குள் கணக்குப் பார்த்தது தெரிந்தது. "ஒரு வருசம் போட்டுது."

"ஓம் அம்மா. ஒண்டு போட்டுது."

"நான் ஸ்தோத்திரம் ஒண்டும் குடுக்கமாட்டன், பயப்பிடாதை," என்றார். அன்று இரண்டு பேரும் சேர்ந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். கனநாளைக்குப் பிறகு அம்மா இரண்டாம் தரம் குழம்பு விட்டுக்கொண்டார்.

வகுப்புகள் தொடங்கின. என்னைவிட நாலைந்து வயது குறைந்த பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி முதல் நாளில் என்னை விரிவுரையாளர் என்று நினைத்து எழுந்து நின்றாள். காலையில் அம்மா, பகலில் சட்டமும் புள்ளிவிவரமும், மாலையில் திரும்பவும் அம்மா. களைப்பு அப்படியேதான் இருந்தது. சில நாட்களில் பஸ்ஸில் நின்றபடியே கண் சொருகிவிடும். ஆனால் வீட்டில் ஒரு மாற்றம் இருந்தது. நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அம்மா எனக்குச் சொல்லாமல் நடந்து பழகினார். வோக்கரைச் சுவரோரம் விட்டுவிட்டு, அப்பாவின் பழைய கைத்தடியோடு விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். ஒருநாள் நான் நேரத்தோடு வந்தபோதுதான் கண்டேன். கண்டதும் பிழை செய்த பிள்ளை மாதிரி நின்றார்.

கொஞ்ச மாதங்கள் போன பின் ஒரு ஞாயிறு. ஓட்டோவுக்குள் வோக்கர் இல்லை. சேர்ச் படலையில் இறங்கியதும், "நீ முன்னுக்குப் போ, நான் ஆறுதலா வாறன்," என்றார் அம்மா. நான் முன்னுக்குப் போனேன். எனக்கும் தனியாக ஒரு வேலை இருந்தது. கைப்பையில் இருந்த உறையை வாசலில் வைத்திருந்த தட்டில் போட்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நதானியேல் சேர் ஒரு புதுப் பழக்கம் பழகியிருந்தார். ஆராதனை தொடங்க முன்னரே உறைகளை எடுத்து வாசித்துப் பார்ப்பார். சந்தேகமாக இருந்தால் ஆளைத் தேடி வந்து விசாரிப்பார். போன மாதம் வீசாவுக்கு ஸ்தோத்திரம் கொடுத்த ஒருவரிடம், கையில் கிடைத்துவிட்டதா இல்லை வரும் என்று சொன்னார்களா என்று கேட்டாராம். சபையில் இதற்கு முணுமுணுப்பும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

என் உறையோடு என்னிடம் வந்தார்.

"ஜெனிற்றா, இதிலை எழுதியிருக்கிறது நடந்ததோ? நடந்ததைத்தான் நான் இப்ப வாசிக்கிறன்."

"படலையைப் பாருங்கோ சேர்."

அவர் திரும்பினார். அம்மா படலையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தடி, மறு கையில் பாட்டுப் புத்தகம். கை கொடுக்கப் போன ஓட்டோக்காரரை வேண்டாம் என்றுவிட்டு, மணலில் ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். பிறகு திரும்பவும் நடந்தார். சேர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா படியில் கால் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார். பிறகு உறையைத் திரும்பவும் பார்த்தார். "இந்தக் கடைசி வரி. அதுவும் வாசிக்கவோ?"

"அதுவும் நடந்ததுதான் சேர்."

ஆராதனை முடியும் தறுவாயில் அவர் எழுந்து நின்றார். என்னுடையதைக் கடைசியாக வைத்திருந்தார். இந்த முறை எங்கும் நிறுத்தவில்லை.

"திருமதி பியாட்றிஸ் றிச்சர்ட், வோக்கர் இல்லாமல் நடக்கத் தொடங்கியமைக்காகவும், அதற்காகப் படிப்பில் போன ஒரு வருடத்துக்காகவும், மகள் ஜெனிற்றா செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்தின் மூலையை விரலால் மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்கள் விடமாட்டியள்."

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தார்கள். அம்மாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.